காலியிடம் எங்கே விடுவது? நர்சிங் முதலாண்டு அறிவியலும் ஒர்க்புக்கும்

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. நர்சிங் முதலாண்டில் உடலியங்கியல் என்றும் உயிர்வேதியியல் என்றும் தனித்தனியாகப் பிரித்து நாம் நடத்துவதில் பெரும்பகுதி இந்த நாலு வரிக்குள்ளேயே இருக்கிறது. வகுப்பில் "ஓ.ஆர்.எஸ்.ஸில் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டால் நாலு பெயரும் நாலு எண்ணும் தடையில்லாமல் வந்துவிடும். "சரி, சோடியம் எவ்வளவு?" என்று அடுத்துக் கேட்டால் பாதிப் பேர் "2.6 கிராம், மேடம்" என்பார்கள். அது உப்பின் எடை, சோடியத்தின் அளவு வேறு. போதாததற்கு, சோடியம் சிட்ரேட்டிலிருந்தும் வருகிறது என்பது பெயரிலேயே எழுதியிருந்தும் கண்ணில் படாது.

இந்தப் பிள்ளைகள் படிக்காதவர்கள் இல்லை. அந்த நாலு எண்ணையும் விடியற்காலை எழுந்து மனப்பாடம் செய்தவர்கள். ஆனால் அந்த எண்களை வைத்து ஏதாவது செய்யச் சொல்லி யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. நான் ஒர்க்புக் பக்கம் வந்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். அடிப்படை அறிவியலை நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி மாணவர்களுக்குச் சொல்லித்தர ஒர்க்புக் நல்ல கருவி என்று நம்புகிறேன். ஆனால் ஒர்க்புக் என்ற பெயரில் கையில் கிடைப்பவற்றில் பலவும் கோடிட்ட இடத்தை நிரப்பும் தாள்கள்தான். இரண்டுக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரியது.

முதலில் சூழ்நிலையைச் சொல்லிவிடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங் செமஸ்டர் முறைக்கு மாறியது. முதல் செமஸ்டரில் உடற்கூறியல் 60 மணி நேரம், உடலியங்கியல் 60 மணி நேரம். இரண்டாவது செமஸ்டரில் உயிர்வேதியியல் 40 மணி நேரம். இந்த நேரத்துக்குள் மனித உடம்பு முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். வருகிற பிள்ளைகளில் கணிசமானவர்கள் பிளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் குரூப், அதாவது பத்தாம் வகுப்போடு கணக்குப் பாடத்தை விட்டவர்கள். அவர்களிடம் பி.எச். என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர்குறி மடக்கை என்று சொன்னால், எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அப்புறம் தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள். அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறேன்.

இவ்வளவு நெருக்கடியில் நம் கல்லூரிகளில் ஏற்கெனவே ஒரு எழுத்து வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது: ரெக்கார்டு நோட்டு. வலது பக்கம் கோடு போட்டது, இடது பக்கம் படத்துக்கு. சீனியர் அக்காவின் ரெக்கார்டை வாங்கி வைத்துக்கொண்டு ஹாஸ்டலில் விடிய விடிய உட்கார்ந்து நெஃப்ரான் வரைந்து, ஸ்கேல் வைத்து அம்புக்குறி போட்டு, பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி, அட்டை போட்டு வைப்பார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். நானும் அப்படி வரைந்தவள்தான். ஆனால் ஒரு உண்மை: நெஃப்ரானின் ஹென்லே வளைவை அச்சு அசலாக வரைந்த கையால், அந்த வளைவின் இறங்கு பகுதியில் தண்ணீர் ஏன் வெளியே போகிறது என்று எழுத வராது. பார்த்து வரைவதற்கு அந்தக் கேள்வி தேவைப்படவே இல்லை. எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019-இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தபோது கூடவே லாக் புக்கும் வந்தது. அது வேறு வகை, இன்ன வேலையை இன்ன தேதியில் செய்தார் என்பதற்கான சாட்சி. ரெக்கார்டும் லாக் புக்கும் நடந்து முடிந்ததைப் பதிவு செய்கின்றன. ஒர்க்புக்கில் பிள்ளை எழுதும்போதுதான் பாடமே நடக்க வேண்டும்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1950-களில், பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு காலியிடம் விட்டு, நிரப்பியவுடன் சரியான விடையைக் காட்டும் முறையை முன்வைத்தார். கொஞ்ச காலம் அது பெரிய அலையாக இருந்தது. பிறகு வடிந்துபோனதற்குப் பல காரணங்கள் சொல்லலாம், ஆனால் ஒன்றை ஸ்கின்னரின் குழுவிலேயே இருந்த ஜேம்ஸ் ஹாலண்ட் 1960-களில் அருமையாக அளந்து காட்டினார். அவர் செய்தது எளிமையான காரியம். பாடத் தாளில், காலியிடத்தை நிரப்புவதற்கு அவசியமில்லாத சொற்களையெல்லாம் கறுப்பால் அடித்து மறைத்தார். இவ்வளவையும் மறைத்த பிறகும் மாணவர் விடையைச் சரியாக எழுதிவிடுகிறார் என்றால், மறைக்கப்பட்ட அந்தப் பகுதியை அவர் படித்திருக்கவே தேவையில்லை என்றுதானே பொருள்.

நீங்கள் ஆசிரியராக இருந்தால் இன்றைக்கே உங்கள் ஒர்க்புக்கை எடுத்து ஒரு கறுப்பு மார்க்கரோடு இதைச் செய்து பார்க்கலாம். "இதயம் மார்புக்கூட்டில் இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, சற்றே இடப்பக்கம் சாய்ந்து அமைந்துள்ளது. இதில் ____ அறைகள் உள்ளன." முதல் வாக்கியத்தை முழுசாக அடித்துவிடுங்கள். விடை அப்போதும் 4-தான். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் எழுதும். அந்தக் காலியிடம் எதையும் கற்றுத்தரவில்லை, பக்கத்தை நிரப்புகிறது.

அதே இதயத்துக்கு இன்னொரு விதமாக இடம் விடலாம். பெருந்தமனியில் அழுத்தம் 120/80, நுரையீரல் தமனியில் மேல் எண் 25-ஐ ஒட்டி. இரண்டு வென்ட்ரிக்கிளும், அதாவது இதயத்தின் கீழறைகள், ஒரு துடிப்பில் ஒரே அளவு ரத்தத்தைத்தான் தள்ளுகின்றன. இதைக் கொடுத்துவிட்டு, எந்தப் பக்கத்துச் சுவர் தடிமனாக இருக்கும், ஏன் என்று ஒரு வரி. அடுத்து, பல வருடம் விறகடுப்புப் புகையில் நின்று நுரையீரல் கெட்டு, நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறிப்போன ஒரு அம்மாவுக்கு இப்போது எந்தச் சுவர் தடிக்கும் என்று ஒரு வரி. அந்தச் சுவரும் ஒரு கட்டத்தில் சோர்ந்துவிட்டால் ரத்தம் எங்கே தேங்கும், கால் ஏன் வீங்கும் என்று இரண்டு வரி. இங்கே ஒரு சொல்லை மறைத்தாலும் விடை நின்றுபோகும். எண்ணை மறைத்தால் காரணம் சொல்ல முடியாது, புகையை மறைத்தால் கால் வீக்கத்துக்குப் போக முடியாது. இப்படி நாலு காலியிடம் உள்ள ஒரு பக்கம், நாற்பது காலியிடம் உள்ள பத்துப் பக்கத்தைவிட மேல்.

எழுதுவதால் என்ன ஆகப்போகிறது, திரும்பத் திரும்பப் படித்தால் போதாதா என்று பெற்றோர்கூடக் கேட்டிருக்கிறார்கள். இதற்கு நல்ல பதில் இருக்கிறது. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சிறு பத்திகளைக் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு முறை, பத்தியை இரண்டு தடவை படிப்பது. இன்னொரு முறை, ஒரு தடவை படித்துவிட்டு, பத்தியைப் பார்க்காமல் ஞாபகம் இருப்பதை எழுதுவது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு தடவை படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ்: படித்தவர்களிடம் மிஞ்சியது 42 சதவீதம், எழுதியவர்களிடம் 56. அந்த ஐந்து நிமிட முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திரும்பப் படிக்கும்போது "எனக்குத் தெரியும்" என்ற தெம்பு உடனே வருகிறது, பிள்ளைக்கும் வருகிறது, பார்க்கிற நமக்கும் வருகிறது. அது ஒரு வாரம் தாங்காது. நர்சிங் மாணவிக்கு இந்த விஷயம் தேவைப்படப்போவது அடுத்த வாரம்கூட இல்லை, மூன்றாம் ஆண்டில் குழந்தைகள் வார்டில் நிற்கும்போது.

சரி, ஓ.ஆர்.எஸ். பக்கத்துக்கு வருகிறேன். நான் பயன்படுத்திய ஒர்க்புக்கில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கணக்கை நாமே முழுசாகப் போட்டுக் காட்டிவிடுவோம். குளுக்கோஸ் 13.5 கிராம், மூலக்கூறு எடை 180, வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல். ஒவ்வொரு படியும் எழுதியிருக்கும், பிள்ளை செய்ய வேண்டியது ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "இது ஏன்" என்று எழுதுவது மட்டும். புதிதாகக் கற்பவர்களுக்குத் தீர்த்த கணக்கை முதலில் காட்டுவது நேரடியாகக் கணக்கில் தள்ளிவிடுவதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தை வைத்துக் காட்டினார்கள். கணக்கை விட்டு இரண்டு வருடம் ஆன பிள்ளைக்கு இது சலுகை ஒன்றும் இல்லை, ஏறுவதற்குப் படி.

அடுத்தது பொட்டாசியம் குளோரைடு. மூலக்கூறு எடை 74.5 என்பது கொடுத்திருக்கும், வகுத்தலைப் பிள்ளை செய்ய வேண்டும். 20 மில்லிமோல் வரும். மூன்றாவது சோடியம், இங்கே எதுவும் கொடுத்திருக்காது. உப்பிலிருந்து 44.5 வரும். அதோடு நிறுத்துகிறவர்கள் நிறுத்துவார்கள். கீழே ஒரு வரி: "பாக்கெட்டில் சோடியம் 75 என்று போட்டிருக்கிறது. மீதி 30 எங்கே?" அப்போதுதான் சிட்ரேட்டின் பெயரில் இருக்கும் "டிரைசோடியம்" கண்ணில் படும். 2.9-ஐ 294-ஆல் வகுத்தால் 10-ஐ ஒட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று சோடியம், ஆக 30. ஒரு மாணவி இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், பேர்லயே எழுதியிருக்கு" என்றாள். முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் எல்லாவற்றையும் கூட்டச் சொல்லும் கட்டம். சோடியம் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10, குளுக்கோஸ் 75. கூட்டினால் 245. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் பரிந்துரைத்த குறைந்த சவ்வூடு அழுத்தக் கரைசலின் எண் அதுதான், பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்து போகும் எண், இப்போது பிள்ளையின் கையிலிருந்தே வந்திருக்கிறது. பக்கத்திலேயே பழைய கலவையின் எண்களும் அதே வரிசையில் இருக்கும்: 90, 80, 20, 10, 111. கூட்டிப் பார்த்தால் 311. ரத்த பிளாஸ்மா 290-ஐ ஒட்டி இருக்கிறது என்றால், குடலுக்குள் 311 போனால் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கப்படும், 245 போனால் எந்தப் பக்கம்? கலவையை ஏன் மாற்றினார்கள் என்பதை இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் குளுக்கோஸ் எதற்கு, உப்புத்தண்ணீர் மட்டும் போதாதா என்ற கேள்வி அடுத்த பக்கம். குடல் செல்லின் சவ்வில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகும் ஒரு வாசல் இருக்கிறது, ஒன்றில்லாமல் மற்றது அந்த வாசலில் நுழையாது. 1960-இல் ராபர்ட் கிரேன் முன்வைத்த விளக்கம் இது. காலரா நச்சு குடலிலிருந்து நீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. 1971-இல் வங்கதேச அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிந்த மேற்கு வங்கத்துப் பன்காவில், நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில், டாக்டர் திலீப் மஹாலனபிஸ் குளுக்கோஸும் சாப்பாட்டு உப்பும் சமையல் சோடாவும் கரைத்து டிரம்களில் நிரப்பி, வீட்டார் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இந்தக் கதையைப் பக்கத்தின் ஓரத்தில் அலங்காரமாகப் போடக் கூடாது. காலியிடமே இதற்குள்தான் இருக்க வேண்டும்: டிரம்மில் குளுக்கோஸ் போட மறந்திருந்தால் என்ன நடந்திருக்கும், அந்த வாசலின் படம் வரைந்து சொல்.

கடைசிக் கேள்வி வார்டிலிருந்து. ஒரு அம்மா ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசாக 200 மில்லி டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார். சோடியச் செறிவு இப்போது எவ்வளவு? 375. மொத்தம்? 1225. குழந்தைக்கு என்ன ஆகும், அம்மாவிடம் என்ன சொல்வாய், தமிழில் இரண்டு வரி எழுது. இங்கே பிள்ளைகள் எழுதும் வரிகளைப் படித்தால் போதும், யாருக்குப் புரிந்தது என்று வேறு பரீட்சை வைக்க வேண்டியதில்லை.

தமிழில் எழுதச் சொன்னதற்கு வருகிறேன். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு சவ்வூடு பரவல் நன்றாகத் தெரியும். உலர் திராட்சையை நீரில் போட்டால் உப்பும், பிறகு அதை உப்புக் கரைசலில் போட்டால் சுருங்கும் என்று செய்தே பார்த்திருப்பாள். கல்லூரிக்கு வந்து "ஆஸ்மாசிஸ்" என்று கேட்டவுடன் அது முற்றிலும் புதிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு முதலிலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குவாள். இரண்டு மாதம் கழித்து, "மேடம், இது அந்தச் சவ்வூடு பரவல்தானா?" என்று என்னிடமே ஒருத்தி கேட்டிருக்கிறாள். தமனி, சிரை, நொதி, அயனி, எல்லாவற்றுக்கும் இதே கதி. அவள் ஏற்கெனவே சேர்த்து வைத்த அறிவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்வது போன்ற காரியம் இது, நியாயமே இல்லை. ஒர்க்புக்கில் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதற்கு அரை அங்குலம் இடம் போதும். பரீட்சையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அதை நான் மறக்கவில்லை. யோசிக்கும் வரியைத் தமிழில் எழுதவிட்டு, முடிவு வரியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் இரண்டுமே நடக்கும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர், உடற்கூறியலுக்கும் உடலியங்கியலுக்கும் தமிழில் புத்தகம் கொண்டுவந்தவர். அத்தனை காலத்துக்கு முன்னால் முடிந்தது ஒரு ஓரக் குறிப்பு அளவுக்காவது இன்றைக்கு முடியாதா?

வரைபடம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆக்சிஜன்–ஹீமோகுளோபின் வளைவை எல்லாப் புத்தகமும் அச்சிட்டே தருகிறது, பிள்ளைகள் அதை ரெக்கார்டில் வரைந்தும் விடுகிறார்கள். ஒர்க்புக்கில் கட்டம் போட்ட வெற்றுத் தாளும் ஐந்து ஜோடி எண்களும் மட்டும் போதும்: ஆக்சிஜன் அழுத்தம் 20-க்கு 35 சதவீதம், 27-க்கு 50, 40-க்கு 75, 60-க்கு 90, 100-க்கு 97. புள்ளி வைத்து இணைத்தால் வளைவு தானாக வரும். பிறகு கேள்வி: விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 97 காட்டியது 93 ஆகிவிட்டது, நாலு புள்ளிதானே என்று விட்டுவிடலாமா? வளைவில் கைவைத்துப் பார்த்தால், அந்த நாலு புள்ளிக்குப் பின்னால் அழுத்தம் 30-ஐ ஒட்டி இறங்கியிருப்பது தெரியும். 90-க்குக் கீழே போனால், வெறும் 20 அளவு இறங்கினாலே 75-க்கு வந்து நிற்கும். தன் கையால் புள்ளி வைத்தவளுக்கு 90 என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஒர்க்புக் உதவாது. நாடித்துடிப்பை விரல் நுனியில்தான் கற்க வேண்டும். எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு எலும்பின் எந்தப் பக்கம் எந்தத் தசை ஒட்டுகிறது என்பதற்குக் காலியிடம் விட்டு நிரப்பச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நடைமுறையில் எல்லாரும் கேட்பது காப்பி அடிப்பதைப் பற்றித்தான். ஒருத்தி நிரப்பிய பக்கம் ராத்திரி பத்து மணிக்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும், உண்மை. இதற்குப் பிள்ளைகளைத் திட்டுவதால் பலனில்லை, பக்கத்தை மாற்ற வேண்டும். நான் செய்தது, நோயாளியின் எடையை 50 கிலோவோடு அவரவர் ரோல் நம்பரின் கடைசி எண்ணைக் கூட்டிக்கொள்ளச் சொன்னது. அடுத்தடுத்த ரோல் நம்பருக்கு வேறு வேறு நோயாளி. டிரிப் கணக்கிலும் அப்படித்தான், 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற, மில்லிக்கு 20 சொட்டு விடும் செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு என்று ஒருத்திக்கு வந்தால், 5 மணி நேரம் கிடைத்த பக்கத்து ரோல் நம்பருக்கு 33 வரும். பக்கத்தை வாங்கிப் பார்ப்பவள் முறையைத்தான் பார்க்க முடியும், எண்ணை எழுத முடியாது. முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டால், அதுவும் எனக்குச் சம்மதமே.

இன்னொன்று, சரியான விடைக்கு மார்க் போடுவதை நிறுத்தியது. இன்டர்னல் மார்க் விடையின் மேல் தொங்கும் வரைக்கும் தப்பு எழுத யாரும் துணிய மாட்டார்கள், தப்பு எழுதாத ஒர்க்புக்கால் எனக்கு ஒரு பயனும் இல்லை. நீலப் பேனாவில் தன் விடை, அழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. மறுநாள் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து விடைத்தாளைப் பார்த்து, பச்சைப் பேனாவில் திருத்தம், ஏன் தப்பானது என்று அரை வரி. அந்தப் பச்சை வரிக்குத்தான் மார்க். 60 நோட்டைத் திருத்த எனக்கும் நேரம் கிடையாது. பச்சையை மட்டும் புரட்டிப் பார்ப்பேன், அரை மணி நேரம் போதும். ஒரே இடத்தில் முப்பது பேருக்குப் பச்சை இருந்தால் மறுநாள் அந்த இடத்தைத் திரும்ப நடத்துவேன். ஓ.ஆர்.எஸ். பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் பச்சை அதிகம் விழுவது அந்தச் சிட்ரேட் வரியில்தான். போன வருடம் அந்த வரியைக் கொஞ்சம் எளிமையாக்கலாமா என்று யோசித்து, சிட்ரேட்டின் சூத்திரத்தைப் பக்கத்தில் அச்சிட்டுப் பார்த்தேன். பச்சை குறைந்தது, ஆனால் டம்ளர் கேள்விக்கு எழுதிய காரணங்கள் மெலிந்துபோயின. இந்த வருடம் சூத்திரத்தை எடுத்துவிட்டேன்.